போட்டித் தவிர்ப்பு ஒப்பந்தம் (ஐக்கிய அமெரிக்கா)

போட்டித் தவிர்ப்பு ஒப்பந்தம் என்பது, ஒரு பணியாளர் வேலையை விட்டு விலகிய பின்னர், குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட நிலப்பரப்பினுள், தன் முன்னாள் நிறுவனத்துக்குப் போட்டியான தொழிலில் ஈடுபடுவதில்லை என அந்நிறுவனத்துக்கு எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி ஆகும். அலுவலகப் பேச்சு வழக்கில் இது "நான்-கம்பீட்" எனப்படுகின்றது. பணி நியமன ஆவணங்களுக்கிடையே ஒரு பத்தியாகவும் இது இடம்பெறுவதுண்டு. அதனால் பலர் படிக்காமலேயே கையொப்பம் இட்டுவிடுகின்றனர்.

ஐக்கிய அமெரிக்காவில் இவ்வொப்பந்தங்களைப் பெரும்பாலும் ஆள்வது மாநிலச் சட்டமே ஆகும். ஒரே வாசகம் புளோரிடாவில் நீதிமன்றத்தால் நிறைவேற்றப்படலாம். கலிபோர்னியாவில் அது செல்லாது என்பது மட்டுமன்றி, அதில் பணியாளரிடம் கையொப்பம் பெறுவதே சட்ட மீறலாகும். ஆகவே, பல மாநிலங்களில் கிளைகள் வைத்திருக்கும் நிறுவனங்களும், வீட்டிலிருந்து பணிபுரிவோரைப் பல மாநிலங்களில் அமர்த்தியுள்ள நிறுவனங்களும் ஒரே படிவத்தை எல்லாரிடமும் நீட்டுவது இடர் மிக்கது. மாநிலங்கள் எவ்வாறு வேறுபடுகின்றன, வேலையளிப்போர் அவ்வேறுபாட்டை எவ்வாறு கையாளலாம் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகின்றது. ஒரு தொழிலை விற்பவர் அதை வாங்குபவருக்கு அளிக்கும் உறுதிமொழி வேறு வகையைச் சார்ந்தது. அதைக் கலிபோர்னியா உட்படப் பல மாநிலங்கள் ஏற்கின்றன என்பதால் இங்கு அது விரிவாக எடுத்துக்கொள்ளப்படவில்லை.

வரலாறு

இத்தகைய ஒப்பந்தங்கள் பற்றிய ஆங்கிலேயத் தீர்ப்புகளில் மிகப் பழையதாகக் காட்டப்படுவது 1414ஆம் ஆண்டின் சாயத் தொழிலாளி வழக்கு ஆகும். சாயமிடுபவர் ஒருவர் அரையாண்டுக் காலத்துக்கு அதே ஊரில் தன் தொழிலைச் செய்வதில்லை என எழுதிக் கொடுத்திருந்தார். வழக்கைக் கேட்ட நீதிபதி சினமுற்று, வழக்குத் தொடுத்தவர் நேரில் இருந்திருந்தால் அரசருக்குத் தண்டம் கட்டும் வரை சிறையில் கிடந்திருப்பார் என்று கூறினார். தொழிலைக் கைவிடச் செய்வது அக்காலத்தில் ஒருவரை வறுமையில் தள்ளுவதாகவே கருதப்பட்டது.

இப்பார்வை 1711இல் மாறியது. இலண்டன் நகரின் ஒரு திருச்சபை வட்டாரத்தில் இருந்த ரொட்டிக்கடையின் குத்தகையை ஐந்து ஆண்டுகளுக்கு இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்தவர், அந்த ஐந்து ஆண்டுகளும் அவ்வட்டாரத்தில் ரொட்டி சுடுவதில்லை என உறுதியளித்தார். மிட்செல் எதிர் ரெனால்ட்ஸ் எனப்படும் அவ்வழக்கில், இடமும் காலமும் அளவோடு இருந்து, அதற்குத் தக்க காரணமும் இருப்பின் தடை செல்லும் எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் இன்றும் கையாளப்படும் "நியாயமான அளவு" என்னும் சோதனைக்கு இதுவே வேர்.

19ஆம் நூற்றாண்டில் நியூயார்க் வழக்கறிஞர் டேவிட் டட்லி பீல்ட் தொகுத்த சட்டத் தொகுப்பு வரைவு வேறொரு வழியைக் காட்டியது. ஒருவர் சட்டத்துக்கு உட்பட்ட தொழிலைச் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம், சில விலக்குகள் நீங்கலாக, செல்லாது என்பது அதன் விதி. நியூயார்க் அவ்விதியை ஏற்கவில்லை. ஆனால் டகோட்டா ஆட்புலமும் கலிபோர்னியாவும் ஏற்றன. கலிபோர்னியாவில் 1872 முதல் இவ்விதி நடைமுறையில் இருந்து வருகின்றது. அதே 1872ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவும் பீல்டின் வரைவிலிருந்து எடுக்கப்பட்டதே என்பது குறிப்பிடத்தக்கது.

இரு தரப்பின் நலன்கள்

ஒரு விற்பனையாளரை நிறுவனம் தன் செலவில் வாடிக்கையாளர்களிடம் அறிமுகப்படுத்துகின்றது; விலை விவரங்களையும் வரவிருக்கும் திட்டங்களையும் அவரிடம் ஒப்படைக்கின்றது. அவர் மறுநாளே எதிர்க்கடைக்குச் சென்றால் நிறுவனத்துக்கு ஏற்படும் இழப்பு கற்பனையானது அன்று. வேலையளிப்போர் தரப்பின் வலுவான வாதம் இதுவே.

பணியாளர் தரப்பில் உள்ளது பிழைப்பு. பத்தாண்டுகள் ஒரே தொழிலைக் கற்றவருக்கு அத்தொழிலே மூலதனம். ஓராண்டு அதைத் தொடக்கூடாது என்றால், அவர் ஊரை விட்டுச் செல்ல வேண்டும், அல்லது குறைந்த கூலிக்கு வேறு வேலை பார்க்க வேண்டும். நீதிமன்றம் ஏற்காத ஒப்பந்தமும் பணியாளரை அச்சுறுத்தப் போதுமானது. வழக்குச் செலவை எண்ணியே பலர் விலகாது இருந்துவிடுவர்.

இவ்விரு நலன்களும் எங்கே சமநிலை இழந்தன என்பதற்குப் பலரும் காட்டும் எடுத்துக்காட்டு ஜிம்மி ஜான்ஸ் என்னும் சாண்ட்விச் கடைத் தொடர் ஆகும். அக்கடைகளில் ரொட்டி அடுக்கும் ஊழியர்களிடமும் போட்டித் தவிர்ப்பு உறுதிமொழி பெறப்பட்டது 2014இல் வெளியே தெரிய வந்தது. (சமையற்குறிப்பில் இரகசியம் இருக்கலாம், ரொட்டியினுள் இறைச்சியை அடுக்குவதில் என்ன இரகசியம் என்ற கேள்வி எழுந்தது இயல்பே.) 2016இல் இலினொய் மாநிலத் தலைமை வழக்கறிஞர் வழக்குத் தொடுத்தார். அவ்வாண்டு இறுதியில் நிறுவனம் 1,00,000 டாலர் செலுத்தி, அவ்வாசகத்தைக் கைவிட ஒப்புக்கொண்டது. குறைந்த ஊதியம் பெறுவோரைக் காக்கும் சட்டங்கள் அடுத்தடுத்த ஆண்டுகளில் பல மாநிலங்களில் இயற்றப்பட்டன.

மாநிலச் சட்டங்கள்

ஒப்பந்தத்தை முற்றாக மறுக்கும் மாநிலங்களில் கலிபோர்னியா முதன்மையானது. எட்வர்ட்ஸ் எதிர் ஆர்தர் ஆண்டர்சன் வழக்கில் 2008இல் அம்மாநில உச்ச நீதிமன்றம், தடை சிறிதாயினும் செல்லாது எனக் கூறி, அதுவரை சில நீதிமன்றங்கள் அளித்துவந்த சலுகையையும் நீக்கியது. 2024 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இரு சட்டங்கள் இன்னும் ஒரு படி மேலே சென்றன. எந்த மாநிலத்தில், எப்போது கையொப்பம் இடப்பட்டிருந்தாலும் அவ்வொப்பந்தத்தைக் கலிபோர்னியாவில் நிறைவேற்ற முடியாது. நிறைவேற்ற முயல்வதே உரிமை மீறலாகும். மேலும், 2022 ஜனவரி 1க்குப் பின் பணியில் இருந்து, இத்தகைய ஒப்பந்தத்தில் கையொப்பம் இட்டிருந்த ஒவ்வொருவருக்கும், அது செல்லாது என 2024 பிப்ரவரி 14க்குள் தனித்தனியே எழுத்து மூலம் அறிவிக்குமாறு நிறுவனங்கள் பணிக்கப்பட்டன.

வட டகோட்டாவும் ஒக்லகோமாவும் நெடுங்காலமாகவே இவ்வழியில் உள்ளவை. மினசோட்டா 2023 ஜூலை 1 முதல் கையொப்பமாகும் ஒப்பந்தங்களைத் தடை செய்தது. அதற்கு முந்தியவற்றை அச்சட்டம் தொடவில்லை. எனவே அம்மாநிலத்தில் ஒரே அலுவலகத்தில் அருகருகே அமர்ந்திருக்கும் இருவரில் ஒருவருடைய ஒப்பந்தம் செல்லக்கூடியதாகவும், மற்றவருடையது வெறுந்தாளாகவும் இருக்கக்கூடும்.

இரண்டாவது வகை மாநிலங்கள் ஊதிய வரம்பை அளவுகோலாகக் கொள்கின்றன. இலினொய் 2022 ஜனவரி 1 முதல், ஆண்டு வருவாய் 75,000 டாலருக்கு மேற்படாதோரிடம் இவ்வொப்பந்தம் பெறுவதைத் தடுத்தது. இவ்வரம்பு 2027 முதல் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை 5,000 டாலர் உயருமாறு சட்டத்திலேயே எழுதப்பட்டுள்ளது. கொலராடோவில் 2022இல் 1,01,250 டாலராக இருந்த வரம்பு 2025இல் 1,27,091 டாலராக உயர்ந்தது. அங்கு சட்டத்துக்கு முரணான ஒப்பந்தத்தை நீட்டும் நிறுவனம் பணியாளர் ஒருவருக்கு 5,000 டாலர் தண்டம் செலுத்த நேரிடும். அச்சுறுத்தி ஒருவரைத் தொழில் செய்யவிடாது தடுப்பது 120 நாள் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமும் ஆகும். வர்ஜீனியா 2020இல் குறைந்த ஊதியம் பெறுவோருக்கு விலக்களித்தது. 2025 ஜூலை 1 முதல், மிகைநேர ஊதியத்துக்கு உரிமையுள்ள பணியாளர்களையும் அதில் சேர்த்தது.

மாசச்சூசெட்சு மாநிலம் 2018 அக்டோபர் 1 முதல் தனக்கென ஒரு முறையை வகுத்துக்கொண்டது. தடை ஓராண்டுக்கு மேற்படலாகாது. மாணவப் பயிற்சியாளர், மிகைநேர ஊதியத்துக்கு உரியோர், ஆட்குறைப்பில் நீக்கப்பட்டோர், காரணமின்றி நீக்கப்பட்டோர் ஆகியோருக்கு எதிராக அதை நிறைவேற்ற முடியாது. தடைக் காலத்தில் முன்னாள் ஊழியருக்கு அடிப்படை ஊதியத்தில் பாதியேனும் கொடுக்க வேண்டும், அல்லது இருவரும் ஒப்பிய வேறு பயன் ஏதேனும் ஒப்பந்தத்தில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். "வீட்டில் இருந்து தோட்டம் பார்" என்னும் பொருளில் இவ்வூதியக் காலத்தைத் தோட்ட விடுப்பு என்பர்.

வேலையளிப்போருக்கு மிகவும் சாதகமானது புளோரிடா. அம்மாநிலச் சட்டப்படி ஆறு மாதம் அல்லது அதற்குக் குறைந்த தடை நியாயமானதாகவும், இரண்டு ஆண்டுகளுக்கு மேற்பட்டது நியாயமற்றதாகவும் முற்கோளாகக் கொள்ளப்படும். பணியாளருக்கு நேரும் தனிப்பட்ட பொருளாதார இன்னலை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாகாது. 2025 ஜூலையில் வந்த புதிய சட்டமோ, மாவட்டச் சராசரி ஊதியத்தைப் போல் இரு மடங்குக்கு மேல் ஈட்டுவோரை, உரிய முறைகள் பின்பற்றப்பட்டிருப்பின், நான்கு ஆண்டுகள் வரை தடுக்க இடமளித்தது. மருத்துவப் பணியாளர்களுக்கு அச்சட்டம் பொருந்தாது. நாட்டின் பெரும்பகுதி ஒரு திசையில் செல்ல, புளோரிடா எதிர்த் திசையில் சென்றது என்றே கூற வேண்டும்.

நியூயார்க்கில் தனிச் சட்டம் இல்லை. நீதிமன்றத் தீர்ப்புகளே வழிகாட்டுகின்றன. நிறுவனத்தின் முறையான நலனைக் காக்கத் தேவையான அளவுக்கு மேற்படாமை, பணியாளருக்கு மிகையான இன்னல் விளைவிக்காமை, பொதுமக்களுக்குத் தீங்கு செய்யாமை என்னும் மூன்றையும் 1999இல் அம்மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் வலியுறுத்தியது. முழுத் தடை கோரிய சட்ட முன்வரைவு ஒன்றை 2023 டிசம்பரில் ஆளுநர் மறுத்துவிட்டார்.

தொழில்வாரியான விதிகளும் உள்ளன. வழக்கறிஞர்களைத் தடுக்கும் ஒப்பந்தங்களை அவர்களின் தொழில் ஒழுக்க விதிகளே ஏற்பதில்லை. மருத்துவர்களைப் பொறுத்தவரை மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். எடுத்துக்காட்டாக, டெக்சாசில் 2025 செப்டம்பர் 1 முதல் செய்யப்படும் ஒப்பந்தங்களில் தடை ஓராண்டுக்கும் ஐந்து மைல் சுற்றளவுக்கும் மேற்படலாகாது.

நடுவண் அரசின் முயற்சி

நாடு முழுமைக்கும் ஒரே விதி கொண்டுவரும் முயற்சி ஒன்று நடந்து தோல்வியுற்றது. நடுவண் வணிக ஆணையம் 2024 ஏப்ரல் 23 அன்று, ஏறத்தாழ எல்லாப் போட்டித் தவிர்ப்பு ஒப்பந்தங்களையும் தடை செய்யும் விதியை வெளியிட்டது. அமெரிக்கத் தொழிலாளருள் ஐவரில் ஒருவர், அதாவது 3 கோடிப் பேர், இவ்வொப்பந்தங்களால் கட்டுண்டுள்ளனர் என்பது ஆணையத்தின் மதிப்பீடு. விதி நடைமுறைக்கு வருமுன்பே, 2024 ஆகஸ்ட் 20 அன்று, டெக்சாசில் உள்ள நடுவண் மாவட்ட நீதிமன்றம் ஆணையத்துக்கு இவ்வதிகாரம் இல்லை எனக் கூறி அதை நீக்கியது. 2025 செப்டம்பர் 5 அன்று ஆணையம் தன் மேல்முறையீட்டைக் கைவிட்டது. தனித்தனி நிறுவனங்கள் மீது நடவடிக்கை எடுக்கும் வழியை மட்டும் வைத்துக்கொண்டது. ஆகவே, மாநிலச் சட்டங்களைத் தனித்தனியே பார்க்கும் தேவை நீங்கவில்லை.

மிகையான வாசகத்தின் விளைவு

"பெரிதாகக் கேட்போம், நீதிமன்றம் குறைத்துத் தரட்டும்" என எண்ணும் நிறுவனங்கள் உண்டு. இது எல்லா மாநிலங்களிலும் பலிக்காது. டெக்சாசில் மிகையான வாசகத்தை நீதிமன்றம் நியாயமான அளவுக்குத் திருத்த வேண்டும் என்பது சட்டம். ஆயினும் மிகை என அறிந்தே அதை நிறைவேற்ற முயன்ற நிறுவனம், பணியாளரின் வழக்குச் செலவை ஏற்க நேரிடலாம். வேறு சில மாநிலங்களில் மிகையான சொற்களை அடித்துவிட்டு எஞ்சியதை மட்டும் நிறைவேற்றுவர். இதனை "நீலப் பென்சில்" முறை என்பர். விஸ்கான்சினிலோ, ஒரு தடையின் ஒரு பகுதி மிகையானால் அத்தடை முழுதும் வீழும்.

வர்ஜீனியாவில் நடந்தது இவ்விடரைத் தெளிவாகக் காட்டும். பூச்சி ஒழிப்பு நிறுவனம் ஒன்றின் ஒப்பந்த வாசகத்தை அம்மாநில உச்ச நீதிமன்றம் 1989இல் ஏற்றது. நிறுவனம் அவ்வாசகத்தையே தொடர்ந்து பயன்படுத்தி வந்தது. ஹோம் பாரமவுண்ட் எனப் பெயர் கொண்ட அந்நிறுவனம் 2011இல் அதே வாசகத்தோடு அதே நீதிமன்றத்துக்கு வந்தபோது தோற்றது. விலகியவர் பூச்சி ஒழிப்புத் தொழிலில் "எந்த வகையிலும்" ஈடுபடலாகாது என்று அவ்வாசகம் கூறியது. அவர் முன்பு செய்த வேலைக்குத் தொடர்பற்ற பணிகளையும் அது தடுத்துவிடுகின்றது எனவும், இடைப்பட்ட ஆண்டுகளில் சட்டம் செம்மைப்பட்டுவிட்டது எனவும் நீதிமன்றம் விளக்கியது. ஒருமுறை வென்ற படிவம் என்றும் வெல்லும் என நம்புவதற்கு இல்லை.

எந்த மாநிலச் சட்டம் பொருந்தும்?

"இவ்வொப்பந்தத்தை ஆள்வது புளோரிடாச் சட்டம்" என எழுதிவிட்டால் போதும் என்பது பரவலான தவறான எண்ணம் ஆகும். புளோரிடாவைத் தலைமையிடமாகக் கொண்ட வாக்கன்ஹட் என்னும் பாதுகாப்புச் சேவை நிறுவனம், தன் ஹியூஸ்டன் கிளை மேலாளரின் ஒப்பந்தத்தில் அவ்வாறே எழுதியிருந்தது. வேலை டெக்சாசில் நடந்தமையாலும், இது அம்மாநிலத்தின் அடிப்படைக் கொள்கை சார்ந்தது என்பதாலும், டெக்சாசுச் சட்டமே பொருந்தும் என அம்மாநில உச்ச நீதிமன்றம் 1990இல் தீர்ப்பளித்தது.

இரு மாநில நீதிமன்றங்கள் ஒரே வழக்கில் எதிரெதிராக நிற்பதும் உண்டு. மினசோட்டாவின் மெட்ரானிக் நிறுவனத்தில் இருந்த ஒருவர் 2000ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் அட்வான்ஸ்டு பயோனிக்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். புதிய நிறுவனம் கலிபோர்னியாவிலும், பழைய நிறுவனம் மினசோட்டாவிலும் வழக்குத் தொடுத்தன. இறுதியில் 2002இல் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம், தன் மாநிலத்தின் கொள்கை எவ்வளவு உறுதியானதாயினும் மினசோட்டா வழக்கைத் தடுத்து நிறுத்த ஆணையிடுவது முறையன்று எனக் கூறியது. அன்று ஒப்பந்தத்தை ஏற்ற மினசோட்டா, இருபது ஆண்டுகள் கழித்துத் தானே அதைத் தடை செய்தது.

2017 முதல் கலிபோர்னியா, தன் எல்லைக்குள் பெரும்பாலும் வாழ்ந்து பணிபுரிவோரை வேறு மாநில நீதிமன்றத்துக்கோ சட்டத்துக்கோ கட்டுப்படுத்தும் வாசகத்தைப் பணியாளர் விரும்பினால் நீக்கிக்கொள்ள இடமளித்துள்ளது; பணியாளர் தனக்கென வழக்கறிஞரை அமர்த்திப் பேசி எழுதிய ஒப்பந்தத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. கொலராடோ, மினசோட்டா ஆகியவற்றிலும் இத்தகைய பாதுகாப்பு உள்ளது. எனவே நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் இடத்தை விட, பணியாளர் வாழ்ந்து வேலை செய்யும் இடமே முதலில் பார்க்கத்தக்கது. டெக்சாசில் சேர்ந்தவர் பின்னர் கலிபோர்னியாவுக்கு வீடு மாற்றி அங்கிருந்தே பணிபுரிந்தால், அவருடைய ஒப்பந்தத்தின் வலு அநேகமாக அன்றே போய்விடும். முகவரி மாற்றத்தை ஊதியப் பிரிவு மட்டும் குறித்துக்கொண்டு, ஒப்பந்தக் கோப்பை எவரும் திறந்து பாராமல் விடுவதே இதில் நேரும் வழக்கமான தவறு.

வேலையளிப்போர் கையாளும் முறைகள்

முதற்கண் கேட்க வேண்டியது, எதைக் காக்க வேண்டும் என்பதே. போட்டியே வேண்டாம் என்பதை எந்த நீதிமன்றமும் முறையான நலனாக ஏற்காது. வணிக இரகசியம், வாடிக்கையாளர் உறவு, சிறப்புப் பயிற்சி முதலியன ஏற்கப்படும். இவற்றைக் கையாளாத பணியாளரிடம் ஒப்பந்தம் பெறாமல் இருப்பதே நல்லது. எல்லாரிடமும் பெற்ற ஒப்பந்தம், உண்மையில் தேவைப்படும் சிலருக்கு எதிரான வழக்கையும் வலுவிழக்கச் செய்யும்.

பல வேளைகளில் இதனினும் குறுகிய கருவி போதும். விலகியவர் பழைய வாடிக்கையாளர்களை அணுகாதிருக்கச் செய்யும் உறுதிமொழியை மினசோட்டாவின் தடை தொடவில்லை. ஒக்லகோமாவும் நிலையான வாடிக்கையாளர்கள் பொறுத்து அதை ஏற்கின்றது. கலிபோர்னியாவில் அதுவும் பொதுவாகச் செல்லாது. இரகசியக் காப்பு உடன்படிக்கை எல்லா மாநிலங்களிலும் பயன்படும். ஆனால் "பணியில் அறிந்த அனைத்தும் இரகசியம்" என எழுதினால், அது மாறுவேடமிட்ட போட்டித் தடை எனத் தள்ளப்படக்கூடும். 2016இல் இயற்றப்பட்ட நடுவண் வணிக இரகசியச் சட்டத்தின் கீழ் ஒப்பந்தம் இன்றியே வழக்குத் தொடுக்கலாம். எனினும், முறைகேட்டை அரசுக்கு அறிவிக்கும் பணியாளருக்கு அச்சட்டம் தரும் பாதுகாப்பைப் பற்றி ஒப்பந்தத்தில் குறிப்பிடாத நிறுவனம், அப்பணியாளரிடமிருந்து மிகை இழப்பீடும் வழக்கறிஞர் கட்டணமும் பெற இயலாது. பயிற்சிச் செலவைத் திருப்பித் தரக் கோரும் ஒப்பந்தங்களை மாற்று வழியாகச் சிலர் கொண்டனர். கலிபோர்னியா 2026 ஜனவரி 1 முதல் செய்யப்படும் அத்தகைய ஒப்பந்தங்களில் பெரும்பாலானவற்றையும் தடுத்துவிட்டது.

ஒப்பந்தத்தை நீட்டும் நாளும் முக்கியமானது. இலினொயில் 14 நாட்கள் படித்துப் பார்க்க அவகாசம் தந்து, வழக்கறிஞரைக் கலந்து பேசுமாறும் எழுத்தில் கூற வேண்டும். மாசச்சூசெட்சில் முறையான வேலை அழைப்பின்போதோ, பணி தொடங்குவதற்குப் பத்து வேலை நாட்களுக்கு முன்போ, எது முந்தியதோ அதற்குள் கொடுக்க வேண்டும். கொலராடோவில் இதற்கென்று தனித் தாளில் அறிவிப்புக் கொடுத்துக் கையொப்பம் பெற வேண்டும். பழைய வேலையை விட்டுவிட்டு முதல் நாள் வந்து அமர்ந்தவரிடம் கட்டாகத் தாள்களை நீட்டும் வழக்கத்தை ஒழிப்பதே இவ்விதிகளின் நோக்கம்.

ஏற்கனவே பணியில் இருப்பவரிடம் பெறும்போது "மறுபயன்" என்னும் சிக்கல் எழும். உறுதிமொழிக்கு ஈடாக அவருக்கு ஏதேனும் கிடைத்திருக்க வேண்டும். வேலையில் தொடர விடுவதே போதும் எனச் சில மாநிலங்கள் கொள்ளும். பென்சில்வேனியாவில் அது போதாது. பதவி உயர்வோ, ஊக்கத்தொகையோ, அது போன்ற புதிய நன்மையோ வேண்டும். "சட்டப்படி கட்டுப்பட இசைகிறோம்" என்று எழுதிக்கொண்டதும் அதற்கு ஈடாகாது என அம்மாநில உச்ச நீதிமன்றம் 2015இல் கூறியது. டெக்சாசில் நிறுவனப் பங்குகளை வாங்கும் உரிமை தக்க மறுபயன் என 2011இல் ஏற்கப்பட்டது.

வேலையளிப்போர் இவ்வொப்பந்தத்தின் மறுமுனையிலும் நிற்பதுண்டு. போட்டி நிறுவனத்திலிருந்து ஒருவரை எடுக்கும்போது, அவர் எதில் கையொப்பம் இட்டுள்ளார் என நேர்முகத் தேர்விலேயே கேட்டறிவது வழக்கம். அறிந்தும் அதை மீறத் தூண்டினால் புதிய நிறுவனமும் வழக்கில் சேர்க்கப்படலாம். பழைய நிறுவனத்தின் கோப்புகள், மின்னஞ்சல்கள், நினைவுக் குச்சிகள் எதையும் கொண்டு வருவதில்லை என எழுதி வாங்குவதும், முதற்சில மாதங்களுக்கு வேறு வாடிக்கையாளர்களை ஒப்படைப்பதும் வழக்கைத் தவிர்க்க உதவும்.

இந்திய நிலை

அமெரிக்கத் தாய் நிறுவனத்தின் படிவம் சென்னை, பெங்களூர் கிளைகளிலும் அப்படியே பயன்படுத்தப்படுவது உண்டு. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு இவ்வகையில் நியூயார்க்கை விடக் கலிபோர்னியாவுக்கே நெருக்கமானது. கல்கத்தா வெண்கலப் பாத்திர வணிகர் இருவருக்கிடையே எழுந்த 1874ஆம் ஆண்டு வழக்கிலேயே, பகுதித் தடையாயினும் செல்லாது என அந்நகர உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணிக்காலத்தில் வேறிடத்தில் வேலை பார்ப்பதில்லை என்னும் உறுதிமொழி வேறு. ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்து இடையிலேயே போட்டி ஆலைக்குச் சென்ற ஒருவருக்கு எதிராக, எஞ்சிய ஒப்பந்தக் காலத்துக்குத் தடையாணை செல்லும் என 1967இல் இந்திய உச்ச நீதிமன்றம் கூறியது. ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னரும் தொடரும் கட்டுப்பாடு 27ஆம் பிரிவின்படி செல்லாது என 2006இல் கிரிக்கெட் வீரர் சாகிர் கான் தொடர்பான வழக்கிலும் அந்நீதிமன்றம் உறுதி செய்தது.